ரப்பர் விலாங்கும் கூரத்து விராலும்

விலாங்கு மீனைப் போன்ற சாமர்த்தியசாலி உலகத்திலே வேறு இல்லை என்பது நம்மவர்களின் நெடுநாளைய அபிப்பிராயம். பாம்பைக் கண்டால் தலையைக் காட்டும். மீனைக் கண்டால் வாலைக் காட்டும். பொது வாழ்விலே இந்த வித்தையைப் பழகித் தேர்ந்தவர்கள் பலரை நேயர்கள் அறிவார்கள். அவர்களைப் பற்றி இந்த வாரம் நாம் ஒன்றும் எழுதப் போவதில்லை. தலையும் பொய், வாலும் பொய் என்று ஆகிவிட்ட ஒரு விலாங்கைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

சென்ற கார்த்திகை மாதத்தில் நண்பர் ஒருவர் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் மருமகப்பிள்ளை அனுப்பிய வெகுமதி என்றார். திறந்து பார்த்தோம். உள்ளே கறுப்பும் பழுப்புமாக, ஒரு சாணிலிருந்து ஒரு முழம் வரையில், வழவழவென்று சுமார் இருபது விலாங்குகள் சுருண்டு கிடந்தன. வீட்டிலுள்ள குழந்தைகள் வீலென்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பிறகு அவை வெறும் ரப்பர் என்று தெரிந்ததும், திரும்பி வந்து ஆளுக்கு ஒன்றாகக் கேட்டார்கள்.

ரப்பர் என்று நாம் சொல்லுகிறோமே தவிர, உண்மையில் அது எண்ணெய்ப் பசை சேர்த்து மிருதுவாக்கிய பிளாஸ்டிக். 1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரவாசியான நிக் கிரீம் என்பவர் மண்புழுவைப் போன்ற மிருதுவான பிளாஸ்டிக் புழு ஒன்றைச் செய்தார்; பின்னர் அதை விற்பனைக்கும் கொண்டுவந்தார். அதன் சந்ததிதான் பிறகு தவளையாகவும் நண்டாகவும் விலாங்காகவும் பல அவதாரங்கள் எடுத்தது. விலாங்கு அவதாரத்துக்குக் காரணம், அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் வாழும் 'வரிப் பாஸ்' என்னும் பெரிய மீன். உடம்பிலே தலையிலிருந்து வால் வரையில் கோடு கோடாக வரி ஓடும். இரவு நேரத்தில் பாறை ஓரங்களில் விலாங்குகளைத் தேடித் தின்னும். ஆகவே அதைப் பிடிக்க விரும்புகிறவர்கள் அந்த ரப்பர் விலாங்கை இருட்டிலே மெள்ள மெள்ள, பாம்பு ஊர்வது போல, இழுத்துக்கொண்டு வருவார்கள்.

"சரி, வரிப் பாஸுக்கு நாம் எங்கே போவது?" என்று நண்பரைக் கேட்டோம்.

"வரி உள்ள மீன் நம் ஊரில் இல்லையா, என்ன? விராலுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயருக்கே வரியுடையது என்றுதான் அர்த்தம். நீர் கிளம்பும், கூரத்துக்குப் போவோம்!" என்றார் அவர்.

நாமும் கிளம்பினோம்.

காஞ்சீபுரத்துக்குப் பக்கத்திலுள்ள கூரம் சின்னஞ்சிறு கிராமந்தான். ஆனால் அதன் கீர்த்தி பெரிது. ஸ்ரீ ராமாநுஜரின் பிரதம சிஷ்யராகிய கூரத்தாழ்வான் அவதரித்த ஊர் அது. அவருக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே, பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் அவ்வூருக்கு வழங்கிய செப்பேடு இன்று சரித்திர ஆராய்ச்சியாளர்களின் பொக்கிஷம். கோயில் கட்டியதையும், மண்டபத்திலே பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததையும் சொல்லும் அந்தச் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்ற கால்வாயையும் மறவாமல் குறிக்கிறது. அரசன் கொடுத்த தானங்களில் தண்ணீர்தான் முதன்மையானது என்று அந்தக் காலத்தார் அறிந்திருந்தார்கள்.

ஏரி மீன் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளும் பொருள் அல்ல. குத்தகை எடுத்தவர்களிடம் முன்னதாகவே சொல்லி அநுமதி பெற்றிருந்தோம். அவர்கள் சார்பில் முதியவர் ஒருவர் கரையிலே காத்திருந்தார். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியிருந்தது. ஓரங்களில் கோரையும், அதற்கப்பால் ஆம்பல் இலையும், அடியிலே பாசியும் மண்டிக் கிடந்தன.

நண்பர் பெட்டியிலிருந்து முழ நீளத்து விலாங்கு ஒன்றை எடுத்து, பெரிய முள்ளிலே மாட்டி வீசினார். விலாங்கு தண்ணீரில் விழுந்த ஓசையைக் கேட்டு நாரைகள் எழுந்து பறந்தன. நண்பர் உருளையைச் சுற்றினார். நாலடி வந்ததும் விலாங்கு நின்றுவிட்டது. "ஆகா, விரால்!" என்று இழுத்தார். வந்தது ஒரு கூடைப் பாசி. இரண்டாந் தடவை ஆம்பல் தண்டு. மூன்றாந் தடவை நரம்பு அறுந்தது. விலாங்கு ஏரியோடு போயிற்று.

முதியவர் அதுவரையில் வாயைத் திறக்கவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஐயா, அது கடலுக்குச் செஞ்ச சாமானுங்க. இங்கே விரால் என்ன தின்னுது, எங்கே நின்னு தின்னுது, அதைப் பார்த்தில்லே இரை போடணும்?"

இந்த ஒரு வாக்கியத்திலே தூண்டில் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேலே நாம் எழுதுவதெல்லாம் இதற்கு வியாக்கியானமே.

விரால் தவளையைத் தின்னும். சிறு மீனைத் தின்னும். தண்ணீர்ப் பூச்சிகளையும் விடாது. செவுளினால் மட்டும் அதற்கு மூச்சுப் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஆகவே ஆழமில்லாத, செடி மண்டிய ஓரங்களிலே மேல் நோக்கிய கண்ணோடு அது காத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் முழ நீள விலாங்கு எதற்கு? இரண்டு விரல் நீளமுள்ள, உள்ளே குழியான, மிதக்கும் ரப்பர்த் தவளைதான் அதற்கு ஏற்றது. நண்பரின் பெட்டியில் மூலையிலே அப்படி இரண்டு தவளைகள் அநாதையாகக் கிடந்தன.

தவளையைத் தேர்ந்தெடுப்பதற்கு முதலாவது பரீட்சை விரலால் அமுக்கிப் பார்ப்பது. நல்ல தவளையின் முதுகிலே இரண்டு முட்கள் மேல் நோக்கி, உடம்போடு ஒட்டிப் படிந்திருக்கும். அதனால் செடியிலே மாட்டாது. மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கவேண்டும். முட்கள் வெளியே வரவேண்டும். கட்டை விரலால் அமுக்கினால் அமுங்காத தவளை, கடையிலே எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏரியிலே உதவாது. சில தடவை வீசிய பிறகு வயிற்றுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். பிழிந்துவிட்டு மறுபடியும் வீசலாம். பின்னால் தொங்கும் கால் இழைகள் மிக நீளமாக இருந்தால் மீன் காலை மட்டும் கவ்விவிட்டு ஓடிவிடும். சிறிது நறுக்கிவிடுவது நலம்.

நிறத்தைப் பற்றி நண்பருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கடைகளிலே மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பண்டிகைக் காலத்துப் பட்டு ஜவுளி போல வைத்திருக்கிறார்களே, எதை வாங்குவது? கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் வெளிச்சத்திலே தவளையின் நிழலுருவந்தான் முதலில் தெரிகிறது. ஆகையால் மழை நீர் கலங்கிச் செம்மண் நிறமாக இருக்கும் நாளிலும், விடியற்காலை அந்தி வேளைகளிலும் கறுப்பு நல்லது. தண்ணீர் தெளிந்த பிறகு பச்சையும் பழுப்பும் போதும். மற்ற வர்ணங்கள் பெரும்பாலும் மனிதர்களைப் பிடிப்பதற்காக ஏற்பட்டவை.

ரப்பர் விலாங்கு அடியோடு பயனற்றது என்று எண்ண வேண்டாம். செடிகளுக்கு நடுவே வெட்டவெளியாகத் தண்ணீர் தெரியும் இடங்களில், ஒரு சாணுக்கு மேற்படாத சிறு விலாங்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் மாட்டும் விதத்திலே இருக்கிறது சூட்சுமம். காதுக்குக் கீழே கழுத்து மடிந்த முள் ஒன்று வேண்டும். அதன் நுனியை விலாங்கின் மூக்கிலே குத்தி, நகத்தளவு உள்ளே செலுத்தி, தாடைக்குக் கீழே வெளியே எடுக்கவேண்டும். முள்ளை முழுவதும் இழுத்து, மடிந்த கழுத்து மூக்குக்குள்ளே போய் உட்கார்ந்ததும், அரை வட்டம் திருப்பினால் நுனி உடம்பைப் பார்த்து நிற்கும். இப்போது அவசரப்படக் கூடாது. முள்ளை உடம்பின்மேல் வைத்து, வளைவு எந்த இடத்தில் வருகிறது என்று அளந்து, அதே இடத்தில் வயிற்றிலிருந்து முதுகுக்கு நேராகக் குத்தி, நுனியை முதுகுத் தோலுக்குள்ளே சற்றே மறைத்து விடவேண்டும். விலாங்கு நூல் பிடித்தாற் போல நேராகத் தொங்கினால் மாட்டியது சரி. எங்கேனும் கூனினால், தண்ணீரிலே அது பம்பரமாகச் சுழன்று நரம்பையும் முறுக்கிவிடும். கழற்றி மறுபடி மாட்டவேண்டியதுதான். நண்பர் நான்கு தடவை கழற்றினார். பட்டுப் புடவைக் கரையை நெய்யும் ஊருக்குப் பக்கத்திலே நின்றுகொண்டு இதற்குப் பொறுமையில்லை என்று சொல்ல அவருக்கே வெட்கமாயிருந்தது.

பாரத்துக்கு ஈயக் குண்டு வேண்டாம். ஈயம் விஷம். ஆழமில்லாத ஏரியில் முள்ளின் கனமே போதும். காற்று அடித்தால் சிறு இரும்புத் துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நரம்பு மட்டும் கனமான பின்னல் நரம்பாக இருக்கட்டும். விராலுக்குப் பல் உண்டு. மாட்டிக்கொண்டதும் நேரே செடிக்குள் புகும். நரம்பை இரட்டையாக மடித்து, முள்ளின் காதிலே கோத்து, தளர்ந்த முடிச்சு ஒன்று போட்டு, மிகுந்த வளையத்துக்குள் முள்ளையும் இரையையும் நுழைத்து, முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினால் எளிதில் அவிழாது. நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டிலேயே நரம்பு பலம் இழந்துவிடும். இன்னும் ஒரு காரியம்: முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டினால் நசுக்கிவிடுங்கள். திருப்பி விடவேண்டிய மீனைக் காயமில்லாமல் விடுவதற்கு அது உதவும். நம் விரலிலே குத்திக்கொண்டாலும் அதே உதவி நமக்கும் கிட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு நண்பர் தவளையை ஆம்பல் இலைகளுக்கு அப்பால் வீசினார். "அலை அடங்கட்டும்" என்றார் முதியவர். அடங்கியது. "இப்போ ஒரு சொடுக்கு. நிறுத்துங்க. இன்னொண்ணு." தவளை இலைமேல் ஏறிற்று, இறங்கிற்று. திடீரென்று குடத்தைக் கவிழ்த்தாற் போல ஒரு சத்தம்! தண்ணீர் சிதறியது. நண்பர் பதறிக் கோலை வெடுக்கென்று இழுத்தார். தவளை பறந்து வந்து அவருடைய சட்டையிலே மோதியது. விரால் போய்விட்டது.

"சத்தம் கேட்டதும் இழுக்காதீங்க, ஐயா. ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. அது வாயை மூடித் திரும்பணும். அப்புறம் இழுங்க."

அடுத்த அரை மணியில் நண்பர் எண்ணக் கற்றுக்கொண்டார். முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவான விரால் ஒன்று, கறுத்த முதுகும் வெளுத்த வயிறுமாக, கரையில் துள்ளியது. ஈரத் துணி போட்ட குடத்திலே அதை வைத்தார்கள். காற்றைச் சுவாசிக்கும் மீனாகையால் ஈரம் இருந்தால் நெடுநேரம் உயிரோடிருக்கும். சந்தையிலே விராலை உயிரோடு விற்பதன் ரகசியமும் அதுவே. அடுத்து வந்தது சிறியது. "ஒன்றரைச் சாணுக்குக் குறைஞ்சது நம்ம வழக்கத்திலே இல்லைங்க" என்று முதியவர் கையை நனைத்துக்கொண்டு அதை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

வெயில் ஏறிய பிறகுதான் முக்கியமான சம்பவம் நடந்தது.

கோரைக்கு நடுவே இருந்த ஒரு சிறு வெளியில், யாரோ குங்குமத்தைக் கரைத்து விட்டது போலத் தண்ணீர் செக்கச் செவேலென்று தெரிந்தது. அந்தச் சிவப்பு அசைந்தது, கொதிப்பது போலக் குமிழியிட்டது, மறைந்தது, மறுபடியும் எழும்பியது. நண்பரின் கண்கள் பிரகாசித்தன. "விரால் குஞ்சுகள்! அடியிலே தாய் நிச்சயமாக இருக்கும். நடுவிலே தவளையைப் போட்டால் முதல் வீச்சிலேயே பாயும் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்று கோலை ஓங்கினார்.

முதியவர் அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டார். "வேணாம், ஐயா. அது பசிக்குப் பாயாது. பிள்ளைங்களைத் தின்ன வந்தான்னு கோவத்திலே பாயும். அதைத் தூக்கிட்டீங்கன்னா, பொழுது சாயறதுக்குள்ளே கெளிறும் கொக்கும் நீர்க்காக்காயும் இத்தனையையும் காலி பண்ணிடும். ஒரு மீனுக்கு ஓர் ஏரியைக் கொடுக்கலாமா?"

நண்பர் கோலைத் தாழ்த்தினார். நாம் மூவரும் அந்தச் சிவப்பு மேகம் நகர்வதைச் சிறிது நேரம் மௌனமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு தடவை அதன் அடியிலே கறுப்பாக ஒரு பெரிய நிழல் திரும்பியது. அவ்வளவுதான்.

முதியவர் சொன்னது வெறும் இரக்கப் பேச்சு அல்ல, கணக்கும் அதுவே. அமெரிக்காவின் வரிப் பாஸ் ஆற்று வெள்ளத்திலே இலட்சக்கணக்கான முட்டைகளை விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். காவல் கிடையாது, எண்ணிக்கைதான் அதற்குக் காவல். விராலோ சில ஆயிரம் முட்டைகளே இடுகிறது. அதற்குப் பதிலாகச் செடிகளை விலக்கிக் கூடு அமைத்து, முட்டை பொரிந்த பிறகும் சில வாரங்கள் ஆகாரத்தையும் மறந்து குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிறது. மழைக் காலத்தில் காவல் நிற்கும் ஒரு விராலைத் தூக்கினால் அடுத்த கோடையிலே சந்தைக்கு வரவேண்டிய கூடை கூடையான விராலைத் தூக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

ஆயிரம் ரக விலாங்குகளைச் செய்த தேசமே இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுத்தான் கற்றது. 1639-ஆம் வருஷத்திலேயே மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தார் வரிப் பாஸை வயலுக்கு எருவாகப் போடக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். 1670-இல் பிளிமத் குடியேற்றத்தார் அந்த மீன்பிடிப்பின் வருமானத்தைக் கொண்டு இலவசப் பள்ளிக்கூடம் நடத்த முன்வந்தார்கள். அப்படிப்பட்ட முன்னோர்களின் சந்ததியார் பிறகு அளவு மறந்து பிடித்தார்கள். 1980-ஆம் வருஷத்தை ஒட்டி மீன் அற்றுப் போகும் நிலைமை வந்துவிட்டது. 1984-இல் தேசம் முழுவதற்குமாகச் சட்டம் இயற்றினார்கள்; மேரிலாந்து மாகாணத்தில் 1985 முதல் ஐந்து வருஷம் அந்த மீனைத் தொடவே கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகே மீன் திரும்பியது. பெட்டி நிறைய ரப்பர் விலாங்கு இருந்து என்ன? கவ்வுவதற்குக் கடலிலே மீன் இருக்கவேண்டும் அல்லவா?

இந்த ஞானத்துக்கு நாம் கப்பலேறிப் போகவேண்டியதில்லை. கூரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர்க் கோயில் சுவரிலே பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையிலே வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விவரத்தைச் சொல்லும் அவற்றில், ஏரி வாரியத்துக்கென்றே ஆறு பேர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஏரியிலே மீன் பிடிக்கும் உரிமைக்குக் கொடுத்த தொகைக்குப் பாசிப்பாட்டம் என்று பெயர். அந்தப் பணத்தை அதே ஏரியைத் தூர் வாரவும் கரை கட்டவும் செலவிட்டதாகப் பழைய சாஸனங்கள் கூறுகின்றன. மீன் கொடுத்த காசு மீனுக்கு வீடாகத் திரும்பியது! அந்த ஆறு பேரில் ஒருவர் இன்று உயிரோடிருந்தால், கூரத்து முதியவர் கோலைப் பிடித்த கையைப் பார்த்து நிச்சயமாக மெச்சியிருப்பார்.

ரப்பர்த் தவளை அந்நியச் சரக்கு ஆயிற்றே, சுதேசி நேயர்களுக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் ஊரில் விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளிலே குத்திப் போடுவது பழைய வழக்கம். அந்தத் தவளையோ வயற்பூச்சிகளைத் தின்று குடியானவனுக்கு ஊழியம் செய்யும் பிராணி. தவளைக் கால் ஏற்றுமதியை 1987-இல் நம் சர்க்கார் தடுத்ததற்கும் அதுவே ஒரு காரணம். பொய்த் தவளை ஒன்று மெய்த் தவளை பலவற்றைக் காப்பாற்றுமானால் அதை நாம் வரவேற்கலாம். ஆனால் பிளாஸ்டிக் மட்கிப் போகாது. கிழிந்த விலாங்கைத் தண்ணீரில் எறிந்தால் மீன் விழுங்கித் துன்புறும். கிழிந்ததையும் அறுந்த நரம்பையும் பையிலே போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். நண்பர் அன்று மாலை முழங்கால் ஜலத்தில் இறங்கி, காலையில் அறுந்து போன முழ நீள விலாங்கைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார். அன்று அவர் பிடித்தவற்றுள் மிகப் பெரியது அதுதான்.

பிடித்த விரால் நண்பர் வீட்டிலே புளிக் குழம்பாயிற்று. முள் குறைவான மீன். நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் பத்திய உணவு. மீனைத் தொடாத வீட்டு நேயர்களுக்கும் இந்த விஷயத்தில் பங்கு உண்டு. அவர்கள் உண்ணும் சோறு அந்த ஏரித் தண்ணீரிலேதான் விளைகிறது.

அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் எந்த ஊர் ஏரிக்கரையிலாவது நடக்கும்போது தண்ணீரிலே அந்தச் சிவப்பு தென்பட்டால், கையிலே தூண்டில் இருப்பவர்கள் அதைச் சற்றுத் தாழ்த்துவார்களாக. குழந்தைகள் கூட வந்திருந்தால் அவர்களுக்குக் காட்டுவார்களாக. தாயும் தகப்பனும் அடியிலே காவல் நிற்கிறார்கள் என்று சொன்னால், குழந்தைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.